கணக்கில் வராத கரை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் உள்ளே நகர்ந்து வலுவிழக்காமல், பல மணி நேரம் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று பெய்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்த சில நாட்கள் தமிழ்நாட்டின் கண்ணெல்லாம் விழுப்புரம் மாவட்டத்தின் மேல்தான் இருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து பின்னிரவில் திறந்துவிடப்பட்ட தண்ணீர், தென்பெண்ணைக் கரையோரத்தில் மூழ்கிய ஊர்கள், அரசூரில் துண்டிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் நெருங்கியதால் நின்றுபோன ரயில்கள் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. இதற்கு நடுவே, புயல் முதலில் மோதிய இடம் கவனத்திலிருந்து நழுவிவிட்டது. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை, இடையில் புதுச்சேரியின் காலாப்பட்டுப் பகுதி குறுக்கிட, சுமார் 40 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கிறது விழுப்புரம் கடற்கரை. அதில் 19 மீனவக் குப்பங்கள். அரசு அறிவித்த நிவாரணப் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது: குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கோழிக்கும் ஒரு தொகை வைத்த அந்தப் பட்டியலில், கடலுக்குப் போக முடியாமல் போன நாட்களுக்கு ஒரு வரி இல்லை.

இதை அந்த ஒரு அறிவிப்பின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. 2004 சுனாமி, 2011 தானே, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று இருபது ஆண்டுகளாக இந்தக் கடற்கரை அடி வாங்குகிறது. ஒவ்வொரு முறையும் மீனவர் வாழ்வாதாரத்தை மீட்பது என்ற பேச்சு எழுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சு படகு, வலை, வீடு என்ற மூன்று பொருட்களில் போய் நின்றுவிடுகிறது. பொருள் உடைந்தால் அதற்கு ஈடு தரும் முறை நம்மிடம் இருக்கிறது. தொழில் உடைந்தால் அதை அளக்கும் முறை நம்மிடம் இல்லை. மீன்பிடித் தொழில் படகில் மட்டும் நடப்பதல்ல. படகை ஏற்றி நிறுத்தும் மணல், மீனை ஏலம் விடும் இடம், வலைக்கும் என்ஜினுக்கும் வாங்கிய கடன், கூடையில் மீன் சுமந்து ஊருக்குள் போகும் பெண், அவரிடம் வாங்கும் உள்நாட்டுச் சந்தை, இவற்றையெல்லாம் ஓடவைக்கும் வேலைநாள் என எல்லாம் சேர்ந்தால்தான் தொழில். இவற்றில் ஒன்று நின்றாலும் புதுப் படகு வெறுமனே கரையில்தான் கிடக்கும். நிவாரணத்தின் அளவுகோலை உடைந்த பொருளிலிருந்து இழந்த உழைப்புக்கும் இழந்த கரைக்கும் மாற்றாதவரை, அடுத்த புயலுக்குப் பிறகும் இதே கதைதான் நடக்கும் என்பது என் வாதம்.

விதிமுறை என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிகளில், 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, கடலில் தொழில் செய்யும் மீனவரின் இழப்பு நான்கு தொகைகளில் அடங்கிவிடுகிறது. முழுதும் போன படகுக்கு 15,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 6,000. முழுதும் போன வலைக்கு 4,000, பகுதி சேதத்துக்கு 3,000. மாநில அரசுகள் இதற்கு மேலும் தருவதுண்டு. ஆனாலும் அவுட்போர்டு என்ஜினோடு ஒரு ஃபைபர் படகின் விலை லட்சங்களில் நிற்கும் காலத்தில் 15,000 ரூபாய் எதற்குப் போதும் என்ற கேள்வி தானாக எழும். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, எதை அளக்கிறார்கள் என்பது. விவசாயியின் இழப்பைக் கணக்கிடும்போது வருவாய்த்துறை அவருடைய டிராக்டரையோ மண்வெட்டியையோ பார்ப்பதில்லை. வயலில் நின்ற பயிரைப் பார்க்கிறது. அது கோப்பில் இடுபொருள் மானியம் என்ற பெயரில் இருந்தாலும், அளவுகோல் பயிர்தான். அதாவது அந்தப் பருவத்து உழைப்பின் பலன். மீனவரிடம் வரும்போது மட்டும் அளவுகோல் கருவியாக மாறிவிடுகிறது. அவருடைய விளைச்சல் கடலுக்குள் இருக்கிறது; அதற்குப் பட்டா இல்லை, அடங்கல் இல்லை, கிராம நிர்வாக அலுவலர் வரப்பில் நின்று பார்வையிட வழியில்லை. ஆகவே பிடிபடாமல் போன மீன் இழப்பாகவே கருதப்படுவதில்லை. படகைப் பத்திரமாக மேட்டில் ஏற்றிக் காப்பாற்றியவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று கோப்பு எழுதிவிடும். ஆனால் எச்சரிக்கை வந்த நாளிலிருந்து கடல் அடங்கும் நாள் வரை அவர் வீட்டில் காசு வந்திருக்காது.

குப்பத்துப் பொருளாதாரத்தின் நடப்பு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. மரக்காணம், வானூர் வட்டங்களின் குப்பங்களில் துறைமுகம் இல்லை. எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கைப்பாணிக்குப்பம், கூனிமேடுகுப்பம், பொம்மையார்பாளையம் எல்லாமே மணலில் படகை இழுத்து ஏற்றும் ஊர்கள். ஒரு படகு மூன்று, நான்கு பேரைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. வந்த மீனை விற்ற காசில் எரிபொருளும் ஐஸும் கழித்து, படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, மீதியைப் பங்கு போடுகிறார்கள். பங்குக்குப் போகிறவர்கள் பலருக்குச் சொந்தப் படகு கிடையாது. கரைக்கு வந்ததும் தொழில் பெண்களின் கைக்கு மாறுகிறது. ஏலத்தில் எடுப்பது, தரம் பிரிப்பது, மிஞ்சியதைக் கருவாடு போடுவது, கூடையோடு பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ சந்தைக்குப் போவது எல்லாம் அவர்கள்தான். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். அந்தச் சாலை வழியாகவும் விழுப்புரம் வரை நீளும் சந்தைகள் வழியாகவும்தான் கடற்கரையின் காசு கடற்கரைக்குத் திரும்புகிறது. ஃபெஞ்சலின்போது கடல் மட்டுமா மூடியது? திண்டிவனத்தில் வெள்ளம், மயிலத்தில் வெள்ளம், விழுப்புரத்துச் சாலைகளில் வெள்ளம். வாங்குகிறவர் வீட்டில் அரிசியே நனைந்து கிடக்கும்போது மீனை யார் வாங்குவார்கள்? புயலுக்குப் பிறகு முதல் படகு கடலுக்குப் போன நாளைத் தொழில் மீண்ட நாளாகக் குறிப்பது ஒரு பெரிய பிழை. கூடைக்காரப் பெண் பழைய அளவு மீனைப் பழைய விலைக்கு விற்ற நாள்தான் அது. அந்த நாளை எந்த அரசு அறிக்கையும் பதிவு செய்வதில்லை.

சுனாமி இந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள்; அதில் 6,000க்கு மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில். விழுப்புரம் மாவட்டத்தில் இறந்தவர்கள் ஐம்பதுக்குக் குறைவு. சாவின் எண்ணிக்கை குறைந்த இடத்தில் பிழைப்பின் சேதமும் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கட்டுமரமும் வலையும் என்ஜினும் போன வகையில் இந்தக் கரையும் முடங்கித்தான் கிடந்தது. அதன் பின் உதவி வந்தது. உலகம் முழுவதிலிருந்தும் வந்தது. அந்த உதவியில் பெரும்பகுதி படகாக வந்தது. படம் பிடிக்கலாம், பெயர் எழுதலாம், சாவியைக் கையில் கொடுத்து விழா நடத்தலாம் என்பது படகுக்கு இருக்கும் வசதி. அரசு ஒரு பக்கமும் தொண்டு நிறுவனங்கள் மறுபக்கமும் கொடுக்க, சில ஊர்களில் சுனாமிக்கு முன்பிருந்ததைவிட அதிக ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. சில படகுகள் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காத தரத்தில் இருந்தன. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு படகு என்று கொடுத்தது, பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை ஒரே நாளில் உடைமையாளர்களாக்கியது; அதோடு படகுக்கு ஆள் கிடைக்காத நிலையையும் கொண்டுவந்தது. இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் இதே அனுபவம்தான். 2007 ஜனவரியில் மீன்தொழிலாளர் ஆதரவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு சென்னையில் நடத்திய பயிலரங்கில், சுனாமி பாதித்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் கவலையோடு பேசியவற்றில் ஒன்று இந்த அளவு மீறிய படகுப் பெருக்கம். மீன்வளம் அதே அளவில் இருக்கப் படகு மட்டும் பெருகினால், ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் மீன் குறையும் என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை.

படகில்லாமல் எதைத் தொடங்குவது, முதலில் படகு, மற்றதெல்லாம் பிறகு என்பது இந்த வாதத்துக்கு எதிராக வரும் முதல் பதில். அதில் உண்மை இருக்கிறது. படகை இழந்த குடும்பத்துக்கு அதுவே முதல் தேவை. அதைத் தாமதமின்றித் தர வேண்டும். 15,000 என்ற தொகையை உண்மை விலைக்கு அருகே கொண்டுவர வேண்டும். ஆனால் படகு இழந்தவர்கள் மட்டும்தான் தொழிலை இழந்தவர்களா? படகுக்குப் பணம் கொடுத்தால் அது உடைமையாளரின் கணக்கில் போய் நிற்கிறது. பங்குக்குப் போனவருக்கும், ஏலத்தில் மீன் எடுத்தவருக்கும், வலை பின்னியவருக்கும், ஐஸ் உடைத்தவருக்கும் அதிலிருந்து ஒன்றும் இறங்குவதில்லை. புதுப் படகு கடலுக்குப் போகத் தொடங்கும்வரை அவர்கள் வட்டிக்குத்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். அங்கே தொடங்குகிறது மீனவக் குடும்பத்தின் மற்றொரு பேரிடர்.

மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகையோ என்ஜினையோ வலையையோ வாங்குவது இந்தக் கடற்கரையின் பழைய ஏற்பாடு. முன்பணம் கொடுத்தவரிடம்தான் மீனை விற்க வேண்டும். விலையை அவர் சொல்வார், கழிவையும் அவரே பிடித்துக்கொள்வார். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படாததால் இது கடனாகவே தோன்றாது. ஆனால் கடன் தீரும்வரை ஒவ்வொரு நாள் மீனிலும் அந்த வட்டி இருக்கிறது. புயல் வந்து தொழில் நின்றால் புது முன்பணம். அதோடு புதுக் கட்டு. பெண்களிடம் இது வேறு வடிவம் எடுக்கிறது: தண்டல், வாராவாரம் வசூலுக்கு வரும் குழுக் கடன், அடகு வைத்த தோடு. இந்தச் சுழலை உடைக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கேரளத்தின் மரியநாட்டில் 1970-ஐ ஒட்டி மீனவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். விற்ற தொகையில் ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கு, ஒரு பகுதி சேமிப்புக்கு, ஒரு பகுதி கடனுக்கு என்று பிடித்தார்கள். மீன் கிடைத்த நாளில் கடன் குறையும், கிடைக்காத நாளில் தவணை இல்லை. அந்த முயற்சி வளர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகி, கன்னியாகுமரி வரை பரவியது. சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரைக்கும் வந்தது. வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் 2007-இல் தமிழகக் கடலோரத்தில் தொடங்கிய சுனாமிக்குப் பிந்தைய வாழ்வாதாரத் திட்டத்திலும், வியாபாரிக் கடனிலிருந்து மீனவர்களை மீட்பது ஒரு பகுதியாகவே இருந்தது. சுனாமி மீட்பில் நடந்தவற்றில் அதிகம் கற்றுக்கொள்ளத் தக்கது இதுதான் என்பேன். படகு பத்து ஆண்டில் தேய்ந்துபோகும். தன் மீனுக்குத் தானே விலை கேட்கும் உரிமை ஒருமுறை கைக்கு வந்தால், அடுத்த புயலுக்கும் அது துணை நிற்கும்.

வேலைநாள் இழப்புக்கு வருகிறேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மீன்பிடி குறைந்த கால நிவாரணம், மீனவப் பெண்களின் சேமிப்பு நிவாரணம் என்று ஏற்கெனவே பல இருக்கின்றனவே, இன்னும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இந்தத் திட்டங்கள் இல்லாத மாநிலங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாடு எவ்வளவோ மேல். ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாளுக்கு 131 ரூபாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய். நாளுக்கு 65 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு ஒருவரின் ஒரு நாள் கூலியாக அறிவிக்கப்பட்டது 319 ரூபாய். மூன்று மாதத்துக்குக் கொடுக்கும் 6,000 ரூபாய், வழக்கமாக மீன் குறையும் பருவத்தை ஈடுகட்டத்தான் வகுக்கப்பட்டது. அதே மாதங்களில் வந்து விழும் புயலை அது கணக்கில் எடுக்கவில்லை. புயலே வராத ஆண்டிலும் 6,000, ஃபெஞ்சல் வந்த ஆண்டிலும் 6,000 என்றால், புயலுக்கென்று கொடுத்தது என்ன?

நாள் கணக்கில் கொடுப்பது நிர்வாகத்தால் முடியாத காரியம் என்ற மறுப்பு இனி எடுபடாது. கேரளம் செய்து காட்டிவிட்டது. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானிலை எச்சரிக்கைகளால் கடலுக்குப் போக முடியாமல் இழந்த வேலைநாட்களுக்காக, மீனவர் குடும்பங்களோடு மீன்சார் தொழிலாளர் குடும்பங்களையும் சேர்த்து 1,59,481 குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய் தர அந்த ஆண்டின் இறுதியில் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது. புயல் கரையைக் கடந்து கூரையைப் பிய்த்தால்தான் என்றில்லை; எச்சரிக்கையே போதுமான காரணம். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, பிழைப்பை இழந்த குடும்பங்களில் இருவர் வரை நாளுக்கு 300 ரூபாய் வீதம் 30 நாட்களுக்குத் தர அதே அரசு முன்வந்தது. வெளியே ஏன் போக வேண்டும்? மரக்காணத்து உப்பளங்களிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் போகும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. அந்தத் தொழிலாளி பாத்தியின் உரிமையாளர் அல்ல. அவர் இழந்தது வேலைநாள். அரசு அதை ஏற்றுக்கொண்டது. உப்பளத்தில் ஏற்றுக்கொண்ட நியாயத்தைக் கூப்பிடு தூரத்திலுள்ள குப்பத்தில் ஏற்றுக்கொள்ளத் தடை என்ன? இதில் பணத்தைத் தாண்டிய ஒரு பயனும் உண்டு. எச்சரிக்கை நாளுக்குக் கூலி உண்டு என்று தெரிந்தால், வீட்டில் அரிசி இல்லை என்பதற்காகச் சீற்றத்தோடு இருக்கும் கடலில் படகைத் தள்ளும் நிலை குறையும். அறிவிப்புகளால் மட்டும் காப்பாற்ற முடியாத உயிர்களை இது காப்பாற்றும்.

இதுவரை சொன்னதெல்லாம் கரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னது. விழுப்புரம் கடற்கரையின் தென்பகுதியில் அந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தும், அது தொடர்ந்து ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரி நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அது படிப்படியாக ஏறியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது பிள்ளைச்சாவடியிலும் பொம்மையார்பாளையத்திலும் வீடுகள் கடலுக்குள் சரிந்தன. 1990 முதல் 2018 வரையிலான காலத்தைத் தேசியக் கடற்கரை ஆய்வு மையம் ஆராய்ந்ததில், தமிழ்நாட்டுக் கடற்கரையில் 42.7 சதவீதமும் புதுச்சேரிக் கடற்கரையில் 56.2 சதவீதமும் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரிந்தது. மணல் போனால் படகு நிறுத்த இடம் போகிறது, வலை விரிக்க இடம் போகிறது, கருவாடு காயவைக்க இடம் போகிறது, ஏலம் போட இடம் போகிறது. புயல் நாளில் படகை ஏற்றிக் காப்பாற்ற மேடும் போகிறது. மீனவரின் பட்டறை அந்த மணல்தான். அதற்கு எந்த நிவாரண விதியிலும் தொகை இல்லை.

குப்பத்து மக்கள் கேட்பது கடலுக்குள் கல்லால் கட்டும் தூண்டில் வளைவு. வீட்டுச் சுவரை அலை இடிக்கும்போது அவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் ஓர் ஊரின் தூண்டில் வளைவு அடுத்த ஊரின் மணலை மறிக்கிறது என்பதை இந்தக் கரையே முப்பது ஆண்டுகளாகக் கண்டிருக்கிறது. பொம்மையார்பாளையம் கேட்பதை மறுக்கச் சொல்லவில்லை. அங்கே கல் வைப்பதற்கு முன், அதற்கு வடக்கேயுள்ள ஊரில் என்ன நடக்கும், மணலை எப்படிக் கடத்திக் கொடுப்பது என்பதும் சேர்ந்தே முடிவாக வேண்டும். துறைமுகம் புதுச்சேரி அரசிடம், அரிக்கப்படும் குப்பங்களில் சில தமிழ்நாட்டில், சில புதுச்சேரியில். மணலுக்கு எல்லை தெரியாது; கோப்புக்குத் தெரிகிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு பிள்ளைச்சாவடியில் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய், ஒட்டியிருக்கும் பொம்மையார்பாளையத்தில் 2,000 ரூபாய். ஒரே கடல், ஒரே புயல், ஒரே தொழில். இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் துறைமுக வாயில் மணல்தான். வடக்கே, மரக்காணம் அழகன்குப்பத்தில் திட்டமிடப்பட்ட மீன்பிடித் துறைமுகம் கழுவெளி நீர்நிலையின் முகத்துவாரத்தைப் பாதிக்கும் என்ற கேள்வி எழுந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. துறைமுகம் வேண்டும் என்று கேட்கும் மீனவரின் தேவை உண்மையானது. ஆனால் புதுச்சேரி கொடுத்த விலையைப் பார்த்த பிறகும், மணல் ஓட்டத்தை அளக்காமல் இன்னொரு சுவரைக் கட்டுவதை அந்த மீனவர்களுக்குச் செய்யும் உதவியாக என்னால் எண்ண முடியவில்லை.

அப்படியானால் கடலோரத்தை விட்டு உள்ளே குடியேறிவிடலாமே என்பது நகரத்தில் அடிக்கடி கேட்கும் யோசனை. இதுவும் செய்து பார்த்ததுதான். 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு அதற்கு அப்பால் இலவசமாக வீடு கட்டித்தர முன்வந்தது. அதற்கு ஈடாகப் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். பழைய இடத்திலேயே இருக்க விரும்பினால் இருக்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. உயிர் பாதுகாப்பு என்ற நோக்கில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கடலைப் பார்க்காமல் மீனவர் அன்றைய முடிவை எடுக்க முடியாது; விடிகாலை மூன்று மணிக்கு என்ஜினைத் தோளில் சுமந்து போகும் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு; கரையில் கட்டிய படகையும் வலையையும் இரவில் யார் பார்ப்பது? இலங்கை அரசு சுனாமிக்குப் பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடைப் பகுதி அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. விட்டுக்கொடுத்த மனை யாருக்குப் போகும் என்ற அச்சமும் வெற்று அச்சமல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு அந்த மணலின் மதிப்பு என்னவென்று விடுதிகளைப் பார்த்தாலே தெரியும். தூங்குவதற்குப் பாதுகாப்பான வீடு உள்ளே இருக்கட்டும். தொழில் செய்யும் கரை குப்பத்தின் பெயரில், ஊர்ப் பொதுவாக, எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதில்தான் அநீதி இருக்கிறது.

மாற்றுத் தொழில் பற்றியும் சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில்லில் 2005-இல் உபாசனா என்ற ஆடை நிறுவனம், சுற்றியிருந்த மீனவக் கிராமப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயரிடப்பட்ட அந்தப் பொம்மை விலைக்கு விற்கப்படவில்லை, நன்கொடையில் ஓடியது. சுமார் 600 பெண்கள் அதில் ஈடுபட்டார்கள். அதிர்ச்சியில் உறைந்திருந்த கைகளுக்கு வேலையும் கொஞ்சம் வருமானமும் கிடைத்தன. அது அழகான காரியம், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதுபோன்ற முயற்சிகளைப் பார்த்துவிட்டு, தையலும் மெழுகுவத்தியும் ஊறுகாயும் கற்றுக்கொடுத்தால் மீனவப் பெண்ணின் பிழைப்பு மீண்டுவிடும் என்று திட்டம் போட்டவர்கள் தவறு செய்தார்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு தொழில் தெரியும். சந்தை தெரியும், வாடிக்கை உண்டு, மீனின் தரத்தைக் கண்ணால் சொல்லுவார். அவருக்கு இல்லாதது ஐஸ் பெட்டி, கொள்முதலுக்குக் குறைந்த வட்டியில் முதல், திண்டிவனம் சந்தையில் நிழலும் தண்ணீரும் உள்ள இடம், கூடையை ஏற்றிக்கொள்ளும் வண்டி. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் நாற்றம் என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டது தமிழ்நாட்டுக்கே தெரியும். பெண்களுக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை என்ற நல்ல ஏற்பாடு, கூடையோடு வரும் பெண்ணுக்கு இடமில்லை என்றால் குப்பம் வரை வந்து சேராது.

கணக்கிலேயே வராதவர்கள் என்று பார்த்தால், கடைசியில் நிற்பவர்கள் இருளர்கள். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளியிலும் அதன் ஓடைகளிலும் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பது அவர்களில் பலரின் பிழைப்பு. அவர்களுக்குப் படகு இல்லை, எனவே படகு நிவாரணம் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் இல்லாததால் சுனாமியின்போது கடற்கரையின் பல இடங்களில் அவர்கள் மீனவர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; பறவைகளுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். அதே நீரில் கைவைத்துப் பிழைப்பவரின் உரிமையும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் சாதிச் சான்றிதழுக்கும் குடும்ப அட்டைக்கும் மனைப்பட்டாவுக்கும் போராடி வருகிறது. அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவிக்கும்போது அட்டையே இல்லாத குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் போராட்டமும் பேரிடர் மீட்பின் ஒரு பகுதிதான் என்பது விளங்கும்.

பட்டியலை விரித்தால் போலிகள் நுழைவார்கள் என்பது அதிகாரிகள் சொல்லும் காரணம். போலிகள் நுழைவது புயலுக்குப் பிறகு அவசரத்தில் எழுதும் பட்டியலில்தான். அமைதியான நாளில், ஊர்க் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் வாசித்து எழுதிய பட்டியலில் பொய் சொல்வது கடினம். குப்பத்தில் யார் பங்குக்குப் போகிறார், யார் கூடை எடுக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். தடைக்கால நிவாரணத்துக்காக மீன்வளத்துறை ஆண்டுதோறும் குடும்பங்களைச் சரிபார்க்கிறது. மரக்காணம், வானூர் என்று இரண்டே வட்டங்கள். 19 குப்பங்கள், கழுவெளியைச் சுற்றிய இருளர் குடியிருப்புகள், அவ்வளவுதான் பரப்பு. ஏப்ரலில் தடைக்காலம் தொடங்கும்போது படகு உரிமையாளரோடு பங்குக்காரர், மீன் விற்கும் பெண், வலை வேலை செய்பவர், கையால் இறால் பிடிப்பவர் என எல்லோர் பெயரையும் வங்கிக் கணக்கோடு எழுதி, ஒவ்வொரு குப்பத்திலும் படகு ஏற்ற எவ்வளவு மணல் மீதமிருக்கிறது என்பதையும் அதே படிவத்தில் அளந்து குறித்தால், அக்டோபரில் வாடைக்காற்று திரும்புவதற்குள் அந்தப் பட்டியல் ஆட்சியர் மேசையில் இருக்கும். அடுத்த எச்சரிக்கை வரும் நாளில், கடல் மூடியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் அனுப்ப அது போதும்.